கவ்வாத்துக் கத்தியின் வாய்

சில மாதங்களுக்கு முன் தமிழ்நாட்டு நண்பர் ஒருவருக்கு மலையகம் குறித்த கட்டுரை ஒன்றை அனுப்பியிருந்தேன். அதில் ‘கவ்வாத்து’ என்ற சொல்லைக் கண்ட அவர், காவல்துறையினரின் அணிவகுப்புப் பயிற்சிக்கும் தேயிலைக்கும் என்ன தொடர்பு என்று கேட்டு மடல் எழுதினார். அவர் கேட்டது நியாயமே. தமிழ்நாட்டில் கவாத்து என்றால் பொலிஸ் மைதானம் நினைவுக்கு வரும். தோட்டக்கலை அறிந்தவர்கள் மட்டும் அச்சொல்லைக் கிளை வெட்டுதல் என்ற பொருளிலும் வழங்குவர். எங்கள் மலையகத்திலோ அச்சொல்லுக்கு ஒரே பொருள்தான். கவ்வாத்து என்றால் தேயிலைச் செடியை வெட்டி இறக்குவது. கவ்வாத்துக்காரர் என்றால் அதைச் செய்யும் ஆண் தொழிலாளி. அவர் கையில் இருப்பது கவ்வாத்துக் கத்தி.

நண்பருக்குப் பதில் எழுதும்போது அந்தக் கத்தியைப் பற்றித் தனியாக எழுத வேண்டும் என்று தோன்றியது. தேயிலை வரலாறு என்றதும் கொழுந்து பறிக்கும் பெண்ணின் கூடையும், தொழிற்சாலையின் உருளை இயந்திரமும், துரையின் பங்களாவும் எழுதப்பட்டுவிட்டன. கத்தியைப் பற்றி எழுதியவர் குறைவு. குறிப்பாக அதன் வாயைப் பற்றி. தகட்டின் தடிப்பு மெலிந்து மெலிந்து வெட்டும் விளிம்புக்கு இறங்குகிறதே, அந்தச் சரிவைப் பற்றி. அந்தச் சரிவை அரைத்துச் சரியாக்கும் கையில்தான் இலங்கைத் தேயிலையின் ஆயுள் நூறாண்டுகளுக்கு மேலாக இருந்து வந்திருக்கிறது என்பது என் துணிபு.

மலைநாட்டில் அளவும் எடையும் குறித்து எழுதப்பட்ட கத்தி ஒன்று உண்டு. அது தொழிலாளியுடையது அல்ல. சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் 1848 இல் நுவரெலியாவில் ஒரு குடியேற்றத்தை அமைத்தார். பிற்காலத்தில் நைல் நதியின் ஊற்றைத் தேடிச் சென்று புகழ்பெற்றவர் அவர்தான். நுவரெலியாவில் அவர் மரை வேட்டையில் திளைத்தார். வேட்டை நாய்கள் வளைத்துக்கொண்ட மரையைத் துப்பாக்கியால் சுடாமல் கத்தியால் முடிப்பது அவருடைய பழக்கம். அந்தக் கத்தியைப் பற்றித் தம் நூலில் அக்கறையோடு எழுதிவைத்தார். இலண்டன் பிக்கடிலியில் பேஜட் என்பவரிடம் தம் விருப்பப்படி செய்வித்தது. தகடு ஓரடி நீளம், அகன்ற இடத்தில் இரண்டு அங்குலம். மொத்த எடை மூன்று இறாத்தல். தகட்டின் நடுப்பகுதி சற்றே குழிந்தது. செய்தவர் பெயர், கடை இருந்த தெரு, உருக்கின் தரம், அரைத்த வடிவம் அனைத்தும் பதிவாகிவிட்டன. இலங்கைக்கு வந்தபோது பேக்கர் தம் கூட்டத்தில் ஒரு கொல்லரையும் சேர்த்தே அழைத்து வந்தார். உலை இல்லாமல் குடியேற்றம் இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

ஆனால் உலையும் இரும்பும் அந்த மலைகளுக்குப் புதியவை அல்ல. மலைநாட்டின் தென் விளிம்பில் பலாங்கொடைக்கு அருகே சமனலவெவ நீர்த்தேக்கம் கட்டப்பட்டபோது, நீருக்குள் மூழ்கவிருந்த மலைச்சரிவுகளைத் தொல்லியலாளர் கில் ஜூலெப் ஆராய்ந்தார். மேற்கு நோக்கிய சரிவுகளில் எழுபதுக்கும் மேற்பட்ட இரும்பு உருக்கும் களங்களைக் கண்டறிந்தார். தென்மேற்குப் பருவக்காற்றே துருத்தியாக நின்று ஊதிய உலைகள் அவை. காலம் ஏறத்தாழ ஏழாம் நூற்றாண்டு முதல் பதினோராம் நூற்றாண்டு வரை. அத்தகைய உலை ஒன்றைத் தாமே கட்டி, காற்று வீசும் பருவத்தில் இயக்கிக் காட்டி, 1996 இல் ‘நேச்சர்’ ஆய்விதழில் முடிவுகளை வெளியிட்டார். ஒன்பதாம் நூற்றாண்டில் அரபு அறிஞர் அல் கிந்தி வாள்களைப் பற்றி எழுதிய நூலில் ‘செரந்தீப்’ உருக்கால் செய்த வாள்கள் தனி வகையாகவே பேசப்படுகின்றன.

அந்த மரபின் கடைசி மூச்சைப் பார்த்துப் பதிவு செய்தவர் ஆனந்த குமாரசுவாமி. அவரைக் கலை வரலாற்றாசிரியராகவே உலகம் அறியும். 1903 முதல் 1906 வரை அவர் இலங்கைக் கனிமவியல் ஆய்வுத் திணைக்களத்தின் பணிப்பாளராக இருந்த நிலவியலாளர். பலாங்கொடைப் பகுதியில் கிராமத்தவர் இரும்பு உருக்குவதையும், மூசையில் எஃகு செய்யும் பழைய முறையையும் எழுதிவைத்தார். 1908 இல் வெளிவந்த ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்ற அவருடைய பெருநூலில் கண்டிக் கொல்லர்களின் கத்திகளுக்கும் பாக்குவெட்டிகளுக்கும் உரிய இடம் உண்டு. அப்போதே உலைகள் பெரும்பாலும் அணைந்துவிட்டன. இங்கிலாந்திலிருந்து வந்த இரும்புச் சட்டங்கள் விலை மலிவு. கரி எரிக்க வேண்டிய காடோ கோப்பிக்காக அழிக்கப்பட்டுவிட்டது.

இந்த இடத்தில்தான் நம்மவர் வருகிறார்கள். 1820களில் கம்பளைப் பக்கம் தொடங்கிய கோப்பிச் செய்கை 1840களில் பெரும் வெறியாயிற்று. மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை வழியாக நடந்து, வழியிலேயே எண்ணற்றோரைப் பறிகொடுத்து மலையேறிய தமிழர்கள் கோப்பிக் காட்டில் வேலை செய்தார்கள். பெருமரங்களைச் சாய்க்கும் வேலையைப் பெரும்பாலும் சிங்களக் கிராமத்தவர் செய்தனர். சரிவிலுள்ள மரங்களையெல்லாம் பாதி வெட்டி நிறுத்திவிட்டு, உச்சியிலுள்ள மரத்தை முழுதாக வெட்டி விழுத்துவர். அது கீழுள்ளதை அடிக்க, அது அடுத்ததை அடிக்க, ஒரு மலைச்சரிவே ஒரே ஓசையில் சரியும். எரித்தபின் எஞ்சியதைத் துப்புரவாக்குவது, குழி வெட்டுவது, நடுவது, களை எடுப்பது, கோப்பிச் செடியின் தலையைக் கிள்ளி வேண்டாத கிளைகளைக் களைவது எல்லாம் தமிழரின் வேலையாயின. கிளை களையும் கலையை அவர்கள் முதலில் கற்றது கோப்பியில்தான்.

1869 இல் கோப்பி இலைகளில் செந்நிறத் தூளாகத் தோன்றிய பூஞ்சண நோய் அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அந்தத் தொழிலையே முடித்துவிட்டது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1867 இல், லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். பின்னர் நடந்ததை அனைவரும் அறிவர். 1890களின் நடுவில் தேயிலைப் பரப்பு 3 இலட்சம் ஏக்கரைத் தாண்டியது.

இந்தப் பரப்பைக் கத்தியின் கணக்கில் பார்ப்போம். பழைய விதைத் தேயிலை ஏக்கருக்கு ஏறத்தாழ 3000 செடிகள் என்ற அளவில் நடப்பட்டது. நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்து என்று கொண்டால், 3 இலட்சம் ஏக்கரில் ஆண்டுதோறும் 75,000 ஏக்கர். அதாவது 22 கோடிக்கும் மேற்பட்ட செடிகள். ஒரு செடியில் வெட்ட வேண்டிய கிளைகள் பல. அத்தனை வெட்டும் ஒரு மனிதக் கையின் வீச்சு. இது என் தோராயக் கணக்குத்தான். என்றாலும் எத்தனை கத்திகள், எத்தனை தீட்டுக்கற்கள், எத்தனை மாலைப் பொழுதுகள் என்று எண்ணிப் பார்க்க இது போதும்.

தேயிலை இயல்பில் ஒரு மரம். விட்டால் முப்பது அடியும் வளரும். அதை இடுப்பளவில் நிறுத்தி, மேற்பரப்பை மேசைபோல் விரித்து, எப்போதும் இளங்கொழுந்தே துளிர்க்கும்படி வைத்திருப்பது கவ்வாத்து. கீழ்நாட்டில் மூன்று ஆண்டுகள், உயரம் கூடக்கூட நான்கு, ஐந்து ஆண்டுகள் என்று சுற்று நீளும். சாதாரணமாகத் தரையிலிருந்து 18 முதல் 24 அங்குல உயரத்தில் வெட்டுவர். சில இடங்களில் ஓரத்தில் இலையோடு சில கிளைகளை விட்டுவைப்பர். செடி மூச்சுவிட அவை வேண்டும். வெட்டிய செடியைப் பார்ப்பவருக்கு அது செத்துப்போனது போலவே தோன்றும். இலை ஒன்றுமில்லாத அந்தச் செடி மறுபடி துளிர்ப்பது வேரில் சேர்த்துவைத்த மாச்சத்தினால். வேர்த்துண்டை அயடீன் கரைசலில் நனைத்து, கருநீலமாக மாறுகிறதா என்று பார்த்த பின்னரே கவ்வாத்துக்கு உத்தரவிடும் வழக்கம் ஆய்வாளர்களால் வந்தது. இருப்பில்லாத செடியை வெட்டினால் அது துளிர்க்காது.

வெட்டிய கிளைகளுக்கு மிலாறு என்று பெயர். அது லயத்து அடுப்புக்கு வரும். மீதி மண்ணுக்கே உரமாகும்.

இனி வெட்டுக்கு வருவோம். வெட்டு சாய்வாக இருக்க வேண்டும். மழைநீர் தங்காமல் வழிய வேண்டும். முகம் வழுவழுப்பாக இருக்க வேண்டும்; பட்டை கிழியக் கூடாது, மரம் பிளக்கக் கூடாது. கிளை பிளந்தால் அந்தப் பிளவில் நீர் இறங்கும், பூஞ்சணம் குடியேறும், உளுத்துப்போன அந்த மரத்தின் வழியாகக் கறையான் நடுத்தண்டுக்குள் புகும். மலைநாட்டில் உயிர்மரத்தையே தின்னும் கறையான் வகை ஒன்று உண்டு. பழைய கவ்வாத்துக் காயங்களே அதற்குக் கதவு. ஒரு கெட்ட வெட்டு அன்றே செடியைக் கொல்வதில்லை. பத்து ஆண்டுகள் கழித்து, வெட்டியவர் யார் என்று எவருக்கும் நினைவில்லாத காலத்தில், செடியின் நடுவில் ஒரு பொந்து தெரியும். நூறு வயதைக் கடந்த செடிகள் இன்றும் மலையகத்தில் கொழுந்து தருகின்றன என்றால், அவற்றின் உடலில் இருபது, இருபத்தைந்து கவ்வாத்துகளின் காயங்கள் ஆறியிருக்கின்றன என்று பொருள்.

பேராதனையில் பூஞ்சண ஆய்வாளராக இருந்த தொமஸ் பெட்ச் 1923 இல் வெளியிட்ட தேயிலைச் செடி நோய்கள் பற்றிய நூல் நீண்டகாலம் தோட்டத்துரைமாரின் கையேடாக இருந்தது. 1925 இல் தேயிலை ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டபோது அவரே அதன் முதற்பணிப்பாளர். நுவரெலியாவில் தொடங்கிய அந்நிலையம் பின்னர் தலவாக்கலை சென்ட் கூம்ஸ் தோட்டத்துக்கு இடம் மாறியது. இன்றும் அங்கேதான் இருக்கிறது. எந்த உயரத்தில் வெட்டுவது, எந்த மாதத்தில் வெட்டுவது, பெரிய காயத்துக்கு என்ன பூசுவது என்பவையெல்லாம் அங்கிருந்து சுற்றறிக்கைகளாகத் தோட்டங்களுக்குப் போயின. 1946 இல் கொப்புள நோய் இலங்கைத் தேயிலையைத் தாக்கியபோது, கவ்வாத்துக்குப் பின் இளந்துளிர் விடும் மலைகளே அதிகம் பாதிக்கப்பட்டன. ஈரப்பருவத்தில் துளிர் வராதபடி கவ்வாத்தின் காலத்தையே மாற்ற வேண்டியதாயிற்று.

சுற்றறிக்கைகள் ‘கூரிய கத்தியால் வெட்டுக’ என்ற அளவில் நின்றுவிடும். கூர்மை எப்படி வருகிறது என்பது சுற்றறிக்கையின் விடயம் அல்ல. அது கவ்வாத்துக்காரரின் பாடு.

பத்திரிகைப் பணியின் நிமித்தம் பொகவந்தலாவைப் பக்கம் பல தடவை சென்றிருக்கிறேன். அங்கே ஓய்வுபெற்ற கவ்வாத்துக்காரர் ஒருவருடன் இரண்டு மாலைகள் பேசிக்கொண்டிருந்தேன். அவர் வைத்திருந்த இரண்டு கத்திகளும் ஊர்க் கொல்லர் செய்தவை. கம்பெனி முத்திரை குத்திய சீமைக் கத்திகளும் ஒருகாலத்தில் வந்தன. பர்மிங்காமின் மார்ட்டிண்டேல் கம்பெனி முதலை முத்திரையோடு செய்த வெட்டுக் கத்திகள் பிரித்தானியர் ஆண்ட கரும்பு, தேயிலை, ரப்பர் நாடுகளெங்கும் பரவியிருந்தவை. ஆனால் கைக்குப் பழகியது ஊர்ப் பட்டறைக் கத்திதான் என்றார் அவர்.

பட்டறைக்கு மூலப்பொருள் லொறியின் வில் தகடு. கழித்த லொறியிலிருந்து வரும் அந்தத் தகடு கரிமம் கூடிய நல்ல உருக்கு. அதைச் செக்கச்சிவக்கக் காய்ச்சி, துண்டித்து, அடித்து நீட்டி, நுனியைச் சற்று உள்வளைத்து உருவம் கொடுப்பார் கொல்லர். வாய்ப்பக்கத்தை அடித்தே மெலிதாக்குவார். அடிக்கும்போது சரிவு பாதி வந்துவிடும். மீதி அரத்தாலும் சாணைக்கல்லாலும் வரும். அதன்பின் தோய்ச்சல். வாயை மட்டும் சிவக்கக் காய்ச்சி நீரிலோ எண்ணெயிலோ தோய்த்தால் உருக்கு கண்ணாடிபோல் கடினமாகும், கண்ணாடிபோலவே உடையவும் செய்யும். ஆகவே மறுபடி மெல்லச் சூடேற்ற வேண்டும். பளபளப்பாகத் தேய்த்த தகட்டில் வைக்கோல் நிறம் தோன்றும், பிறகு தவிட்டு நிறம், பிறகு ஊதா, கடைசியில் நீலம். வைக்கோலில் நிறுத்தினால் வாய் கடினம், ஆனால் பொரியும். நீலத்துக்கு விட்டால் பொரியாது, ஆனால் கூர் நிற்காது. கட்டைமரம் வெட்டும் கத்திக்கு இவ்விரண்டுக்கும் நடுவில் எங்கே நிறுத்துவது என்பதைக் கொல்லரின் கண் தீர்மானிக்கிறது. வெப்பமானி வைத்த பட்டறை எதையும் நான் மலையகத்தில் கண்டதில்லை.

இதோடு கொல்லரின் வேலை முடிகிறது. ஆனால் கத்தி முடிந்துவிடவில்லை. பட்டறையிலிருந்து வரும் கத்தியின் வாய்ச்சரிவு பொதுவானது. அதைத் தன் கைக்கும் தன் வீச்சுக்கும் ஏற்றபடி அரைத்து எடுப்பவர் கவ்வாத்துக்காரர். நான் பார்த்த இரண்டு கத்திகளிலும் சரிவு ஒரு பக்கம் மட்டுமே இருந்தது. மறுபக்கம் அநேகமாகத் தட்டை. ஏன் என்று கேட்டேன். அவர் விளக்கத்தை என் சொற்களில் தருகிறேன். கத்தி கிளைக்குள் நுழையும்போது தகட்டின் தடிப்பு எதையாவது தள்ளியாக வேண்டும். தட்டைப் பக்கம் செடியில் நிற்கப்போகும் கட்டையை ஒட்டியும், சரிவுப் பக்கம் கழிக்கப்போகும் கிளையை ஒட்டியும் இருந்தால், தள்ளுதல் முழுவதும் கழிவின்மேல் போகும். செடியில் நிற்கும் முகம் சீவினாற்போல் வரும். இரு பக்கமும் சரிந்த கத்தி நிற்கும் கட்டையையும் நெரித்துவிடும். தச்சரின் உளி ஒரு பக்கம் மட்டும் சரிந்திருப்பதும் இந்த நியாயத்தினால்தான். இடக்கைக்காரருக்குச் சரிவு மறுபக்கம் வர வேண்டும். அதனால் ஒருவர் கத்தியை மற்றவர் எடுப்பது வழக்கமில்லை.

சரிவின் அளவும் அப்படித்தான். சரிவு நீண்டு வாய் மெலிந்தால், பச்சைக் கிளையில் வெண்ணெய்போல் இறங்கும். முற்றிய கட்டையில் பட்டால் வாய் மடங்கும், அல்லது பொரிந்து பல்போல் குழி விழும். சரிவு குறுகி வாய் தடித்தால், கத்தி நெடுநாள் நிற்கும், ஆனால் வெட்டாது, ஆப்புபோல் பிளக்கும். இவற்றுக்கு நடுவில், வாயை ஒட்டி மட்டும் கொஞ்சம் தடிப்பு விட்டு, அதற்குமேல் சரிவை நீளமாக இழுத்துக்கொள்வது அவர் முறை. பாகையளவு தெரிந்தவர்கள் வாயோரம் இருபத்தைந்து, முப்பது பாகை என்று சொல்லக்கூடும். அவர் தம் கட்டைவிரல் நகத்தின்மேல் வாயை வைத்துப் பார்த்தார். வழுக்கினால் தீட்ட வேண்டும். பிடித்து நின்றால் போதும்.

“வாய் சரியில்லாத கத்தி வெட்டாது தம்பி, கிழிச்சுப் போட்டுரும்” என்றார்.

ஹற்றன் நகரில் மின்சாரச் சாணை வைத்திருப்போர் சில நிமிடங்களில் வேலையை முடித்துக் கொடுப்பர். அவர் அங்கே கொடுத்ததே இல்லை. வேகமாகச் சுழலும் கல்லில் உலர்ந்த தகட்டை அழுத்தினால் மெல்லிய வாய் கணத்தில் சூடேறி நீலம் பாய்ந்துவிடும். கொல்லர் பார்த்துப் பார்த்து நிறுத்திய பதம் அந்த நீலத்தோடு போய்விடும். கத்தி பளபளக்கும், மத்தியானத்துக்குள் மழுங்கும். ஆகவே தண்ணீரும் கல்லும். முதலில் சொரசொரப்பான கல்லில் சரிவு முழுவதையும் படியவைத்து இழுப்பது; பிறகு மென்கல்லில் வாயோரம் மட்டும்; கடைசியில் தட்டைப் பக்கத்தைப் புரட்டி, எழும்பி நிற்கும் பிசிரை ஒரே இழுப்பில் எடுப்பது. மலைக்குப் போகும்போது இடுப்பில் ஒரு சிறு கல் போகும். கானில் ஓடும் தண்ணீரைத் தொட்டுக்கொண்டு இடையிடையே தீட்டிக்கொள்வர்.

வெட்டும் முறையையும் சொல்ல வேண்டும். இடக்கை கிளையைப் பிடித்திருக்க, வலக்கை கீழிருந்து மேல்நோக்கி ஒரே வீச்சில் இழுக்கிறது. இரண்டாவது வீச்சு வந்தால் முகம் இரண்டாகிவிடும். கத்தி மழுங்கியிருந்தால் வலு கூட்ட வேண்டும். வலுக் கூட்டினால் கத்தி நினைத்த இடத்தில் நிற்காது, எதிரே இருப்பது இடக்கை. அந்த முதியவரின் இடது ஆட்காட்டி விரலில் நகம் இல்லை. கவ்வாத்துக்காரர்களின் இடக்கையைப் பார்த்துவிட்டு வலக்கையின் அனுபவத்தைச் சொல்லிவிடலாம் என்று அவரே சிரித்தபடி சொன்னார். கைக்குள் அடங்காத தடித்த கட்டைகளுக்கு மட்டும் வாள்.

இவ்வளவு நுட்பத்துக்கும் தோட்டக் கணக்கில் என்ன பெயர் இருந்தது என்பதே என்னை உறுத்தும் கேள்வி.

இந்திய அரசாங்கத்தின் வற்புறுத்தலால் 1927 இல் இலங்கையில் இந்தியத் தொழிலாளருக்கான குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் இயற்றப்பட்டது. 1929 இல் நடைமுறைக்கு வந்த நாட்சம்பள விகிதங்கள் இவை: உயர்நிலத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதம். இடைநிலத்தில் 52, 41, 31. தாழ்நிலத்தில் 50, 40, 30. இந்தப் பட்டியலைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பால், வயது, கடல்மட்டத்துக்குமேல் தோட்டத்தின் உயரம் என மூன்றையும் சட்டம் அளந்தது. உயரத்துக்கு இரண்டு சதம் வித்தியாசம் கண்ட சட்டத்துக்குக் கையின் திறமையில் வித்தியாசம் தெரியவில்லை. புல் சுரண்டுபவரும், நாற்பது ஆண்டு வாழப்போகும் கிளையைத் தேர்ந்து வெட்டுபவரும் பிரட்டுக்களத்தில் ஒரே ‘பேர்’. கொல்லரும் தச்சரும் தொழிற்சாலையில் கைவினைஞர் என்று தனியாக எண்ணப்பட்டனர். கொல்லர் செய்த கத்தியின் வாயை நாள்தோறும் புதிதாகச் செய்துகொண்டிருந்தவர் கூலியாள்.

தீட்டும் நேரத்துக்குக் கணக்கில்லை. மாலையில் லயத்து வாசலில் குந்தியிருந்து தீட்டியது வேலையாகக் கருதப்படவில்லை. கொடுத்த கணக்குச் செடிகளை முடித்துவிட்டால் நேரத்தோடு வீடு திரும்பலாம் என்ற ஏற்பாடு இருந்த தோட்டங்களில், நல்ல வாய் வைத்திருந்தவர் மத்தியானமே மலையிறங்குவார். அந்த ஒரு சலுகையை, அதுவும் கங்காணியின் மனம்போல் கிடைத்ததை, திறமைக்குத் தந்த விலை என்று எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

துரைமார் தமிழ் படித்தார்கள் என்று பெருமையாகச் சொல்வோர் உண்டு. அவர்களுக்காக பெர்குசன் வெளியிட்ட கைநூலின் தலைப்பே ‘இங்கே வா’ என்பதுதான். ஏவுவதற்கான தமிழ் அது. ‘இந்த வாயை எப்படித் தீட்டினாய்’ என்று கேட்க அந்தத் தமிழ் தேவைப்பட்டதாகத் தெரியவில்லை. பேக்கர் தம் கத்தியைச் செய்தவரின் பெயரை எழுதிவைத்ததைத் திரும்பத் திரும்ப நினைக்கிறேன்.

பெண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கவ்வாத்து ஆண்களின் வேலை. கொழுந்து பெண்களின் வேலை. கத்தி பிடிப்பவன் என்பதனால் ஆணுக்குக் கூடுதல் சம்பளம் என்று நியாயம் சொல்லப்பட்டதைக் கேட்டிருக்கிறேன். ஆனால் களை பிடுங்கிய ஆணுக்கும் அதே கூடுதல்தான் கிடைத்தது. அந்த வித்தியாசம் நீங்கிச் சமசம்பளம் வந்தது 1984 இல்தான்.

1964 ஒக்டோபரில் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக முடிவாயிற்று. மனிதரை எண்ணிக்கையாகப் பங்கிட்ட அந்த ஒப்பந்தத்தைப் பற்றி இங்கே விரித்து எழுதப்போவதில்லை. கத்தியோடு தொடர்புடைய ஒன்றை மட்டும் சொல்கிறேன். தாயகம் திரும்பியோருக்கு வேலை கொடுப்பதற்காகத் தமிழ்நாடு அரசு 1968 இல் நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களை உருவாக்கத் தொடங்கியது. பின்னர் ‘டான்டீ’ என்ற நிறுவனமாகியது அதுவே. கூடலூர், கோத்தகிரி, குன்னூர், வால்பாறைப் பகுதிகளில் காடு வெட்டித் தேயிலை நட்டவர்களில் ஹற்றனிலும் தலவாக்கலையிலும் மூன்று தலைமுறை கவ்வாத்து வெட்டியவர்களின் பிள்ளைகள் இருந்தார்கள். கப்பலேறும்போது கொண்டுசெல்லக்கூடிய பொருட்களுக்கு அளவு இருந்தது. கைப்பழக்கத்துக்குச் சுங்கம் இல்லை. அங்கே அவர்கள் சந்தித்த சொல் கவாத்து. கொண்டுபோன சொல் கவ்வாத்து. நீலகிரியில் ஒரு ‘வ்’ கூடுதலாக ஒலிக்கும் வாயைக் கேட்டால் அவர் எங்கிருந்து வந்தார் என்று ஊகித்துவிடலாம் என்று கூடலூர் நண்பர் ஒருவர் சொன்னார்.

இலங்கையில் தோட்டங்கள் 1972, 1975 ஆம் ஆண்டுகளில் அரசுடைமையாயின. 1992 இல் அவற்றின் நிர்வாகம் மீண்டும் தனியார் கம்பெனிகளுக்குச் சென்றது. இளைஞர்கள் கொழும்புக் கடைகளுக்கும் மத்திய கிழக்குக்கும் போகலானார்கள். அதில் குற்றம் காண எனக்கு உரிமையில்லை. நாட்சம்பளம் 1000 ரூபாவாவதற்கே 2021 வரை போராட வேண்டியிருந்தது. அந்தச் சம்பளத்துக்காக விரல் நகத்தைக் கொடுக்க எந்த மகன் முன்வருவான்? கவ்வாத்துக்கு ஆள் இல்லை என்ற குறை தோட்டங்களில் ஓயாமல் கேட்கிறது. அந்த இடத்தைப் பெற்றோல் இயந்திரம் நிரப்பத் தொடங்கிவிட்டது. தோளில் மாட்டிக்கொண்டு, சுழலும் வட்டத் தகட்டால் நிரை நிரையாக வெட்டிச் செல்லும் இயந்திரம். வேகத்தில் கத்தி அதற்கு ஈடாகாது. முதுகு வளைத்து நாள் முழுதும் வெட்டிய ஒருவர் அந்த இயந்திரத்தை வெறுக்கவும் காரணமில்லை.

கண்டி ஹந்தானையில் 2001 இல் திறக்கப்பட்ட தேயிலை நூதனசாலையில் பழைய உருளைகளும் நீராவி இயந்திரங்களும் அவற்றைச் செய்தவர் பெயர்ப் பலகைகளோடு நிற்கின்றன. கம்பளைக்கு அருகே பாரதெக்கவில் 2007 இல் பழைய லயத்து அறைகளிலேயே தொழிலாளர் நூதனசாலை ஒன்று அமைந்தது. தொழிலாளரின் வீட்டுப் பொருட்களும் வேலைக் கருவிகளும் அங்கே காக்கப்படுகின்றன. மலையகம் 200 என்று 2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மக்கள் நடந்தபோது பலர் அதைப் பற்றி விசாரித்தனர். அங்கே செல்வோர் கருவிகளின் கைப்பிடிகளைப் பார்க்க வேண்டும். பட்டறையிலிருந்து வந்தபோது இருந்த வடிவம் அவற்றில் இல்லை. பிடித்த கை அதைத் தேய்த்துத் தனக்கென்று ஒரு குழிவைச் செய்துகொண்டிருக்கும்.

முதியவரின் தோட்டத்திலும் இப்போது இயந்திரம் வந்துவிட்டது. மெல்லிய கிளைகளைச் சுழல்தகடு சில இடங்களில் சிதைத்துவிடுகிறது. பட்டை கிழிந்து நார் தொங்குகிறது. ஆகவே இயந்திரம் போன நிரையில், பின்னாலேயே ஒருவர் கத்தியோடு போகிறார். கிழிந்த முகத்துக்குக் கீழே ஓர் அங்குலம் விட்டு மறுபடி சாய்வாக வெட்டுகிறார். அவருக்கும் அதே பேர்தான்.